வாத்தின் மேல் ஒரு கையெழுத்து

"வீட்டுக்குப் போய்ப் போடுற கதையெல்லாம் வேண்டாம். இங்கயே போடு. பேனாவால, வாத்துக்குக் குறுக்க."

ஒலிட்டா டெரியோ இதைச் சொல்லும்போது, வாத்துப் படம் போட்ட ஸ்டாம்ப்பின் ஒரு மூலையைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருப்பாள். கையெழுத்து விழும்வரை விரல் நகராது. லூசியானாவில் எங்கள் சதுப்புக்கரையில் இறாலும் தோட்டாவும் வேட்டை லைசென்ஸும் விற்கும் கடை அவளுடையது. லைசென்ஸ் இருந்தாலும், வலசை வரும் வாத்தைச் சுட அரசாங்கம் வெளியிடும் அந்த ஸ்டாம்ப்பும் வேண்டும். கையெழுத்து இல்லாத ஸ்டாம்ப், இல்லாத ஸ்டாம்ப்தான்.

போன வருஷம் எத்தனை வாத்து சுட்டாய் என்று அரசாங்கம் கேட்கச் சொல்லியிருக்கிறது. ஒலிட்டா அதைக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பாள்.

"பொண்டாட்டிகிட்டச் சொன்ன கணக்கா, நிஜக் கணக்கா, மிஸ் ஒலிட்டா?" என்பார் கிழவர் ஓவிட். எங்கள் பக்கம் கல்யாணமானவளும் மரியாதைக்கு மிஸ்தான்.

"உன் பொண்டாட்டிகிட்ட நானே கேட்டுக்கறேன். ரெண்டுல எது நிஜம்னு அவளுக்குத் தெரியும்."

ஸ்டாம்ப்பில் ஒவ்வொரு வருஷமும் ஒரு புதுப் படம். அதன் அழகு கெட்டுவிடுமே என்று கையெழுத்துப் போடாமல் போய் மாட்டிக்கொள்ளும் பைத்தியம் எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒன்று உண்டு. ஒரு வருஷம் அது அவள் புருஷன் லூசியன். அபராதம் எழுதிய வேட்டைக் காவலருக்கு ஒலிட்டா காபி போட்டுக் கொடுத்தாள். லூசியனுக்குக் கொடுக்கவில்லை.

இந்த வருஷப் படம் அவள் மகள் ரெனெல் வரைந்தது. நாடு முழுக்க நடக்கும் போட்டிக்கு வருஷா வருஷம் அனுப்பித் தோற்று, விடாமல் அனுப்பி, கடைசியில் ஜெயித்துவிட்டாள். தண்ணீரில் இறங்கப்போகும் ஊசிவால் வாத்து. பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது, சொல்வதில் வெட்கமில்லை.

சீசனுக்கு முந்தின நாள் ரெனெல் ஊருக்கு வந்திருந்தாள். கடை நிரம்பி வழிந்தது. ஓவிட் தன் ஸ்டாம்ப்பைப் பார்த்தார், ரெனெலைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்தப் புள்ள வரைஞ்சது மேல நான் கிறுக்க மாட்டேன். காவலர் புடிச்சாப் புடிக்கட்டும்."

பின்னால் நின்றவர்களும் தலையாட்டினார்கள். விடிந்தால் அத்தனை பேரும் துப்பாக்கியோடு தண்ணீரில் இருப்பார்கள். ஒருவர் கையிலும் செல்லுகிற ஸ்டாம்ப் இருக்காது.

"பாசத்தைக் காட்டி அபராதம் கட்டப் போறீங்களா? நகருங்கய்யா," என்று ஒலிட்டா தன் ஸ்டாம்ப்பை எடுத்து மேசையில் வைத்தாள். அவளும் வேட்டைக்குப் போகிறவள்தான். பேனா கீழே இறங்கி, காகிதத்தைத் தொடாமல் நின்றது. அவள் கை தயங்கி நான் பார்த்ததே இல்லை. பிறகு அது மெல்ல ஓரத்துக்கு, வெறும் தண்ணீர் வரைந்திருந்த இடத்துக்கு நகர்ந்தது.

"அம்மா," என்றாள் ரெனெல். "ஊருக்கு ஒரு சட்டம், உனக்கு ஒரு சட்டமா?" வாத்தின் அலகில் விரலை வைத்தாள். "இங்கேருந்து ஆரம்பி."

"நல்லா வந்திருக்குடி இது," என்றாள் ஒலிட்டா.

"தெரியும். போடு."

அலகிலிருந்து வால் நுனிவரை, முழுப் பெயரையும் அழுத்தி எழுதினாள். மை காயக் குனிந்து ஊதினாள். நிமிராமலே பேனாவைத் திருப்பி, ஓவிட்டின் பக்கம் தள்ளினாள்.