ஹக்கோனே பயணத்துக்கு நான் சொன்ன பொய்

ஜப்பான் விசா மறுக்கப்பட்டுவிட்டதாக என் மனைவியிடம் பொய் சொன்னேன். விண்ணப்பத்தை நான் கொடுக்கவே இல்லை. முழங்கால் வலிக்கு ஹக்கோனே வெந்நீர் ஊற்றில் குளிக்க வேண்டுமென்று அவள் ஒரு வருடமாகத் திட்டமிட்டிருந்தாள். அங்கே உடுப்பில்லாமல்தான் இறங்க வேண்டும் என்று லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் இருக்கும் பயண முகவர் சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, மெத்ரோ ரயில் நிலையப் படிகளில் அவள் ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்ட அன்று, உண்மையைச் சொன்னேன்.

"உடுப்பில்லாமல் எண்டு எனக்கு முதலே தெரியும். பொம்பிளையளுக்குத் தனி இடம்தானே. ஊரிலை கீரிமலையிலை நீங்கள் பொம்பிளையளின்ரை கேணிக்குள்ளையோ குளிச்சனீங்கள்?" என்றாள்.

மறுநாளே இருவருக்கும் விண்ணப்பம் எழுதினேன். என் பெயரை வெட்டிவிட்டு, பொபினியில் இருக்கும் தன் அக்காவின் பெயரை எழுதச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன்.

ஹக்கோனேயிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். "கால் நல்லா மடங்குது," என்றாள். நானும் வந்திருக்கலாம் என்று அவள் சொல்லவில்லை. அதை எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.