முகூர்த்தத்தில் திறக்காத முகவரி

சென்னையிலிருந்து என் மகள் வந்த பஸ் கவிழ்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கையில் தழும்போடு தப்பினாள். அவள் மறுபடியும் சென்னை பஸ்ஸில் ஏறுவதை நினைத்தால் இன்றுகூட எனக்குப் பயம். எங்கள் ஊர் உத்திரமேரூரிலேயே இருந்து வெப்சைட் செய்து கொடுப்பதாகச் சொன்னாள். முதல் வேலை நன்றாக அமைந்தால் இங்கேயே இருப்பது, இல்லாவிட்டால் சென்னை வேலைக்கே திரும்புவது என்று வீட்டில் பேச்சு.

முதல் வேலை கொடுத்தவர் ஊரில் கல்யாண மண்டபம் வைத்திருந்தவர். போர்டில் இருப்பதுபோல அப்பா பெயர், அம்மா பெயர், இனிஷியல் எல்லாம் வெப்சைட் முகவரியில் வர வேண்டும் என்றார். போனில் ஒருமுறை சொன்னால் கேட்பவர் தடுமாறாமல் எழுதிக்கொள்ள வேண்டும் என்றாள் மகள். பேசிப் பேசி, மண்டபப் பெயரின் முதல் சொல்லும் ஊர்ப் பெயரும் போதும் என்று அவரைச் சம்மதிக்க வைத்து, அந்தப் பெயரை வாங்கியும் விட்டாள்.

அதை வெப்சைட் இருக்கும் சர்வரோடு இணைப்பதில்தான் சிக்கல். வெப்சைட்டைத் திறந்து வைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே இணைக்க வேண்டும் என்று அவள் சொன்னதற்கு, முகூர்த்தத்துக்கு முன்னால் யாரும் கை வைக்கக் கூடாது என்று அவர் மறுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை மண்டப ஆபீஸில் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். கற்பூரம் காட்டியதும் மகள் இணைப்பை மாற்றினாள். அவர் ஒற்றை விரலால் முகவரியை அடித்தார். பக்கம் வரவில்லை. மறுபடி அடித்தார். வரவில்லை.

தேங்காயாவது ஒழுங்காக உடைந்ததே என்றார் ஒரு சொந்தக்காரர். சிலர் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் பஸ் ஸ்டாண்டுதான் தெரிந்தது.

மகள் அசரவில்லை. “பத்திரிக அடிச்ச அன்னிக்கே சொந்தக்காரங்க எல்லாம் மண்டபத்துக்கு வந்துடறாங்களா மாமா? சேதி போய்க்கினு கீது. ஊரு ஊரா சேரணும் இல்ல?”

புது முகவரி இரண்டு நாளில் எல்லா ஊர் நெட்டிலும் தெரியும் என்றாள். மண்டபக்காரர் கற்பூரத் தட்டை நகர்த்தி வைத்தார்.

மறுநாள் மாலை சென்னையிலிருந்து அவர் மைத்துனர் போன் செய்தார். வெப்சைட் வந்துவிட்டதாம், பந்தி நடக்கும் படத்தில் தன் வழுக்கை தெரிகிறதாம். உத்திரமேரூரில் அப்போதும் ஒன்றும் வரவில்லை.

“இன்னாம்மா, மெட்ராஸ்காரனுக்குத்தான் மொதல்ல பத்திரிக வெச்சியா?” என்றார் மண்டபக்காரர். குரலில் சிரிப்பு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இங்கும் வந்துவிட்டது. அவரே எங்கள் வீட்டுக்கு வந்து, அடுத்தது தன் தம்பியின் அரிசி மில்லுக்கு என்றார். “இந்த வாட்டி முகூர்த்தத்துக்கு ரெண்டு நாளு முன்னாடியே நீ ஆரம்பிச்சுடு.”

திங்கட்கிழமை காலை சென்னை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்கள் தெருமுனையைக் கடந்தது. மகள் தலை நிமிரவில்லை. மில்லுக்கு எந்தப் பெயர் காலியாக இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தாள்.