ஜெர்மனியிலிருந்து வந்த பெட்டியும் பக்கத்துத் தோட்டத்துக் கிணறும்

கொரோனா ஓய்ந்து பள்ளிகள் பழையபடி நடக்கத் தொடங்கியிருந்த ஓர் ஐப்பசி மாதம் அது. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில், வாசலில் நின்றால் சித்தேரி மலை தெரிகிற சிற்றூர் எங்களுடையது. நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. கணவர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார்.

அவர் கதையை முதலில் சொன்னால்தான் மற்றது புரியும். கல்யாணத்துக்கு முன் பெங்களூரில் இருந்தார். அங்கே பெரிய கூடத்துக்குள் செயற்கைப் பாறைச் சுவர் கட்டி, அதில் ஏறக் கற்றுக்கொடுக்கும் இடங்கள் உண்டு. அப்படியொரு சுவருக்கு இரும்புச் சட்டம் அடிக்கப் போனவர், வேலை முடிந்தும் திரும்பி வரவில்லை. அங்கேயே சேர்ந்து, ஏறப் பழகி, மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் அளவுக்கு வந்துவிட்டார். ஊரடங்கில் அந்த இடத்தை மூடியதும் ஊருக்கு வந்தார். எங்கள் ஊர் ஆடுகள் படுத்துக் கிடக்கும் மலையடிவாரப் பாறைகளைப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி பாறைக்கு ஊரு ஊரா தேடிப் போறாங்க. நம்மகிட்ட சும்மா கெடக்குது" என்றார்.

ஞாயிறு தவறாமல் பாறைக்குப் போக ஆரம்பித்தார். திட்டிக்கொண்டே பின்னால் போன நான் ஒருநாள் ஏறிப் பார்த்தேன். அதோடு திட்டு நின்றது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் நாத்தனாரும் அவள் தோழிகள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். பிடிமானத்துக்கென்றே ரப்பர் அடி வைத்துச் செய்யும் காலணி எங்கள் அத்தனை பேருக்கும் ஒரே ஜோடிதான் இருந்தது. ஒருத்தி இறங்கிக் கழற்றினால், சூடு ஆறுவதற்குள் அடுத்தவள் மாட்டிக்கொள்வாள். கயிறும் கிழடாகிவிட்டது.

இப்படிக் காலணி மாற்றிக்கொள்ளும் படம் ஒன்றைக் கணவர் தன் பெங்களூர் நண்பர்களுக்கு அனுப்பியிருக்கிறார். அவர்களில் ஒரு ஜெர்மன் பெண்ணும் இருந்தாள். தன் ஊருக்குத் திரும்பியிருந்த அவள், "எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் இது சும்மாக் கிடக்கிறது, சேர்த்து அனுப்பட்டுமா" என்று கேட்டாள். சில மாதங்களில் பெங்களூருக்கு வந்த அவளுடைய தோழி ஒருத்தி, விமானத்தில் தன் சாமான்களோடு ஒரு பெரிய பெட்டியையும் கொண்டு வந்துவிட்டாள். கணவர் போய் அதைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். தர்மபுரி வரும்வரை பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லையாம். எத்தனை துவைத்தாலும் அந்தக் காலணிகளின் வாசம் அப்படி.

பெட்டியைத் திறந்தபோது எங்களுக்குத் தீபாவளி. விதவிதமான நிறத்தில் காலணிகள். இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொள்ளும் பட்டைகள். கொக்கிகள், கப்பிகள். கயிறு மட்டும் பழசு இல்லை. பழைய கயிற்றை நம்பி யாரையும் தொங்கவிடக் கூடாது என்று, அவள் நண்பர்கள் சேர்ந்து புதிதாகவே இரண்டு வாங்கி வைத்திருந்தார்கள். பட்டைகளில் ஒன்று மிகப் பெரிது. நானும் நாத்தனாரும் சேர்ந்து அதற்குள் நுழைந்து நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

சத்தம் கேட்டு என் மாமனார் வந்தார். விவசாயி. அதிகம் பேசமாட்டார். ஒரு காலணியைக் கையில் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"இதெல்லாம் யாரு போட்டது?"

"அங்க இருக்கறவங்க போட்டதுங்கப்பா. நல்லாத்தான் இருக்குது" என்றார் கணவர்.

"அடுத்தவங்க கழட்டிப் போட்ட செருப்ப நாம மாட்றதா? அவ்வளவு கேடு நமக்கு வந்துருச்சா? இது வூட்டுக்குள்ள வரக்கூடாது."

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கண்ணைக் காட்டினேன். பெட்டி மாட்டுக் கொட்டகையின் மூலைக்குப் போனது. அன்று முழுக்க மாமனார் கணவரோடு பேசவில்லை. எனக்கு இரண்டு பேர் மேலும் வருத்தம்தான். அவர் சொன்னதில் வீம்பு மட்டும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிறர் போட்டுக் கழித்ததைத்தான் நீ போட வேண்டும் என்று சொல்லப்பட்ட காலத்தைப் பார்த்த மனிதர் அவர்.

அடுத்த வாரம் பலத்த மழை. பள்ளிக்கு விடுமுறை விட்ட நாளில் நல்ல வெயிலும் அடித்தது. கணவர் இரும்பு வாங்கச் சேலம் போயிருந்தார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்திலிருந்து கூச்சல் கேட்டது. நானும் நாத்தனாரும் ஓடினோம்.

அந்தத் தோட்டத்து அக்காவை ஊரில் எல்லோருக்கும் பிடிக்கும். வாட்டசாட்டமான ஆள், குரலும் அப்படியே. அவருடைய ஆட்டுக்குட்டி ஒன்று கிணற்றுக்குள் தவறி, பாதி ஆழத்தில் நீட்டிக்கொண்டிருந்த பாறைத் திட்டில் விழுந்திருக்கிறது. கிணற்றுச் சுவரில் பதித்த கல்படி வழியாக அக்கா இறங்கிக் குட்டியை எடுத்துவிட்டார். ஏறத் திரும்பும்போது, மழையில் ஊறியிருந்த மண்ணிலிருந்து இரண்டு படிக்கல் பெயர்ந்து தண்ணீருக்குள் போய்விட்டது. சறுக்கித் திட்டிலேயே விழுந்ததில் கை மணிக்கட்டு பிசகிவிட்டது. கீழே ஆளை முழுங்கும் தண்ணீர். அக்காவுக்கு நீச்சல் தெரியாது.

தேங்காய் நார்க் கயிற்றைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒற்றைக் கையால் அவரால் கட்டிக்கொள்ள முடியவில்லை. விளிம்பில் ஆள் நின்றாலே மண் உதிர்ந்து அவர் தலையில் விழுந்தது. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாயிற்று, வர நேரமாகும். நான் எட்டிப் பார்த்த நேரத்தில் அவர் நின்ற திட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வண்டி மண் சரிந்து, தண்ணீரில் விழுந்த சத்தம் மேலே வரைக்கும் வந்தது. அக்காவின் கணவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

கணவருக்குப் போன் செய்தேன். கிணறு எவ்வளவு ஆழம், பக்கத்தில் மரம் இருக்கிறதா என்று கேட்டார். பிறகு, "பாறைல எறங்கறதுதானே. நீ செய்வ. கட்டறதெல்லாத்தையும் தங்கச்சிய ஒருதடவ பாக்கச் சொல்லு" என்றார்.

பெட்டியை எடுத்து வரலாம் என்று திரும்பினால், தோளில் பெட்டியோடு மாமனார் வரப்பில் ஓடி வந்துகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக்கட்டி, மூச்சு வாங்க. யாரும் அவரிடம் கேட்கவில்லை. பெட்டியை என் காலடியில் வைத்துவிட்டு, "என்ன செய்யணும்னு சொல்லு கண்ணு" என்றார்.

கிணற்றிலிருந்து தள்ளி நின்ற புளியமரத்தில் பெட்டியிலிருந்த நீளப் பட்டை ஒன்றைச் சுற்றி, கொக்கிகளையும் கப்பியையும் மாட்டினோம். விளிம்பில் சாக்குகளை மடித்துப் போட்டோம். ஒரு கயிற்றில் நான். அதை, கயிறு நழுவாமல் பிடித்து நிறுத்தும் கருவியில் கோத்து நாத்தனார் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். இன்னொன்று அக்காவை இழுக்க. விரல் கனமே இருந்த அந்தக் கயிற்றைப் பார்த்து, "பாவாடை நாடா மாதிரி இருக்குது, இதா தாங்கும்" என்று ஒருவர் கேட்டார். மாமனார் அவரைப் பார்த்த பார்வையில் அவர் போய்க் கயிற்றின் கடைசி முனையைப் பிடித்துக்கொண்டார்.

பயமாக இல்லையா என்று பின்னால் பலர் கேட்டார்கள். விளிம்பில் பின்பக்கமாகச் சாய்ந்த அந்த நேரத்தில் என் தொடை ஆடியதை நானே பார்த்தேன். பாறையில் இறங்கும்போது கீழே கணவர் நிற்பார். இங்கே கீழே கறுப்பாகத் தண்ணீர்தான் தெரிந்தது. இடுப்புப் பட்டையை ஒருதடவை தொட்டுப் பார்த்தேன். எங்கோ ஒருத்தி இதை எத்தனையோ மலையில் நம்பியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கால் நின்றது.

திட்டில் இறங்கியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "உன் வூட்டுக்காரு எங்க?"

"சேலம் போயிருக்காருங்கக்கா."

"அப்ப நீயாவே வந்தியா? ஏம்மா, உனக்கு ஏதாச்சும் ஆனா பள்ளிக்கூடத்துல யாரு பாடம் நடத்தறது?"

இந்த நிலைமையிலும் இப்படிக் கேட்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுக்கம் பாதி போனது. நாங்கள் கேலி செய்த அந்தப் பெரிய பட்டையைத்தான் அவருக்காகக் கொண்டு வந்திருந்தேன். ஆனால் அதில் இரண்டு காலையும் தனித்தனி வளையத்தில் நுழைக்க வேண்டும். அவர் கட்டியிருந்தது சேலை. அக்கா மேலே பார்த்தார். விளிம்பைச் சுற்றி ஊர் ஆண்களின் தலைகள்.

"நான் மாட்டேன். இத்தன ஆம்பளைங்க முன்னால சேலைய வாரிச் சொருகிக்கிட்டுத் தொங்கறதுக்கு இங்கயே கெடக்கறேன்."

நான் கெஞ்சினேன். மேலே நின்ற மாமனாருக்கு அது கேட்டிருக்கிறது. அவர் குரல் அவ்வளவு ஓங்கி நான் கேட்டதே இல்லை. "ஆம்பளைங்க எல்லாம் அந்தாண்ட திரும்புங்க. கயித்தத் தோள்ல போட்டுக்கிட்டு மொகத்தக் காட்டுப்பக்கம் வெய்யுங்க. எவனாச்சும் திரும்பினா நானே கெணத்துல தள்ளுவேன்."

தலைகள் அத்தனையும் மறைந்தன. அக்கா நாற்று நடும்போது செய்வதுபோலச் சேலையை வாரிச் சொருகிக்கொண்டார். பட்டை அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது. நான் ஒவ்வொரு வாரையும் இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, "இத இதுக்கு முன்ன யாரும்மா போட்டிருந்தாங்க?" என்றார்.

"ஜெர்மனில யாரோ ஒருத்தருங்கக்கா."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"தெரியலைங்கக்கா."

கொஞ்சம் யோசித்தார். "பொம்பளைன்னே வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, குட்டி முதலில் போகாமல் தான் போகமாட்டேன் என்று அடுத்த நிபந்தனையைப் போட்டார். பட்டையை வைத்து நான் எடுத்து வந்திருந்த கயிற்றுப் பையில் குட்டியைப் போட்டு, தலை மட்டும் வெளியே தெரியக் கட்டி அனுப்பினோம். அது மேலே போகும்வரை எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே போனது.

பிறகு அக்கா. விளிம்பில் நின்று பார்த்தது பெண்கள் மட்டும். கூச்சல் கேட்டு வந்திருந்த நாத்தனாரின் தோழி ஒருத்தி "இழுங்க", "நிறுத்துங்க" என்று சத்தம் கொடுக்க, ஆண்கள் எல்லோரும் கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தேர் இழுப்பதுபோலக் காட்டைப் பார்த்து நடந்தார்களாம். முன்னால் மாமனார். நான் திட்டில் நின்று மேலே பார்த்தேன். அக்கா காலால் சுவரை உந்தி உந்தி விலகி, ஏதோ பலமுறை செய்தவர்போல ஏறினார். ஒரு இடத்தில் மண் சரிந்து என்மேல் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவரைக் காணோம். மேலே பெண்கள் குலவை போட்டார்கள்.

என்னையும் இழுத்த பிறகு தீயணைப்பு வண்டி வந்தது. வந்த அதிகாரி கட்டியிருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் பண்ணிருக்கீங்க. ஆனாலும் அடுத்த தடவ எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்று சிரித்தார். அக்காவுக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டார்கள். வேறு ஒன்றுமில்லை. மாலையில் வந்த கணவர், ஈரமாகக் கிடந்த கயிற்றை எடுத்து நிழலில் விரித்துப்போட்டுவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

பெட்டியை மாமனார் தானே வீட்டுக்குள் தூக்கிவந்து பீரோவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அந்த ஞாயிறு ஜெர்மன் பெண்ணோடு வீடியோவில் பேசினோம். கதையைக் கேட்டு அவள் அழுதுவிட்டாள், பிறகு எங்களைவிட அதிகமாகச் சிரித்தாள். கட்டுப்போட்ட கையோடு அக்காவும் வந்திருந்தார். அவர் கிளம்பிய பிறகுதான் அந்தப் பெரிய பட்டை யாருடையது என்று கணவர் விசாரித்தார். நெஞ்சுவரை தாடி வைத்த ஒரு ரொட்டிக்கடைக்காரருடையதாம். முட்டி வலியால் ஏறுவதை விட்டுவிட்டாராம். இன்றுவரை அக்காவிடம் சொல்லவில்லை. அவர் இதைப் படித்தால் நான்தான் மாட்டிக்கொள்வேன்.

வந்த காலணிகளில் சிறியவை சில எங்கள் யாருக்கும் சேரவில்லை. நேபாளத்தில் மலையேறக் கற்கும் சின்னப் பெண்களுக்கு இப்படிச் சேர்த்து அனுப்புகிறார்கள் என்று அதே ஜெர்மன் பெண் சொன்னாள். சரி, அனுப்பிவிடலாம் என்றோம். மறுநாள் காலை துணி துவைக்கும் கல்லில் மாமனார் உட்கார்ந்திருந்தார். சோப்புத்தூளைக் கரைத்து வைத்துக்கொண்டு, அந்தக் காலணிகளை ஒவ்வொன்றாக உள்ளே கைவிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். "நீங்க எதுக்குங்க மாமா, நான் செய்யறேன்" என்றேன்.

"இங்க பாரு" என்று ஒன்றைத் திருப்பிக் காட்டினார். அதன் நுனியில் தேய்ந்த இடத்தை யாரோ வெட்டி, புது ரப்பர் ஒட்டி, ஓரம் தெரியாமல் ராவியிருந்தார்கள். "வேண்டாம்னு தூக்கிப் போட்டவன் இந்த வேல செய்யமாட்டான். போடப்போற காலு நோவக்கூடாதுன்னு நெனச்சிருக்கான்" என்றார். பிறகு அதை வெயில் படாமல் நிழலில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

அதற்குப் பிறகு, யாருக்கு எதைக் கொடுக்க நேர்ந்தாலும், அது பழைய சேலையாக இருந்தாலும் பிள்ளையின் புத்தகப் பையாக இருந்தாலும், தையலை ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் என் கை அதைக் கொடுப்பதில்லை. நான் பார்க்கவே போகாத ஓர் இடத்தில் யாரோ ஒருவர் அதை நம்பிக் கால் வைக்கப்போகிறார் என்ற நினைப்பு உடனே வந்துவிடுகிறது.