பட்டவன் கை தூக்கினான்

இன்று மத்தியானம் திருச்சுழி போகும் கரி பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, பஸ்ஸை ஓட்டும் கரி அடுப்பைப் பின்பக்கம் கிளறிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் பரளச்சிச் சிலம்பக்காரர் கருப்பையா. பொழுது போகட்டும் என்று அவருக்குப் பேப்பரை உரக்கப் படித்தேன்.

சீமையில் பல நாட்டு இளைஞர்களுக்கு விளையாட்டுப் போட்டியாம். வாள் சண்டையில் ஒருவன்மேல் முனை பட்டதை நடுவர்கள் யாரும் பார்க்கவில்லை. அவனே கையைத் தூக்கி, பட்டுவிட்டது என்று சொல்லித் தோற்றிருக்கிறான்.

"அவனாவா சொன்னான்?"

"ஆமா. அங்க அதுதான் மரியாதையாம்."

அவர் தோள் துண்டை எடுத்து மடியில் மடித்து வைத்தார். பிறகு சொன்னார்:

"பங்குனிப் பொங்கல்ல முத்துராக்கு கம்பு என் விலாவுல பட்டுச்சு. வெள்ளையத் துண்டால தொடச்சுட்டேன்."

கம்பு நுனியில் சுண்ணாம்பு தடவித்தான் நம் பக்கம் போட்டி. உடம்பில் வெள்ளை பட்டால் தோல்வி. வெற்றி மாலை அன்று கருப்பையா கழுத்தில் விழுந்தது. "பட்டுச்சு, பட்டுச்சு" என்று கத்திய முத்துராக்குக்குப் பொய்யன் என்று பேர். அதோடு மதுரை மில்லுக்குப் போனவன், பெற்ற தாய் செத்ததற்குக்கூட வரவில்லை.

"அவனுக்கு ஒரு கார்டு எழுதித் தாரீகளா?"

எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது. பஸ் ஆட்டம் என்றேன். பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது.

இதைத் தாங்கி நம் கையெழுத்துப் பத்திரிகை ஒவ்வொருவராகச் சுற்றி உங்கள் கைக்கு வரும்போது, வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தில் உங்கள் அபிப்பிராயத்தை எழுதுங்கள். முதல் வரியை நானே எழுதிவிட்டேன்:

அன்றைக்கு நடுவர் நான்தான். அவர் துடைத்ததைப் பார்த்தேன்.