மதகடியில் சித்தி

நாகூரில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கிய ஃபைபர் கிளாஸ் தூண்டில் கம்பைத் தேய்த்து, வளையங்களுக்குப் புது நூல் சுற்றி, நேற்று வார்னிஷ் பூசினேன். அந்த வாசனையில் நீடாமங்கலம் பக்கத்து எங்கள் ஊர் மதகும், அதனடியில் ஓயாமல் நுரைத்துக்கொண்டிருந்த மடுவும் வந்துவிட்டன. இன்று அங்கே மடு இல்லை, கான்கிரீட் தளம்தான்.

சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து இப்படியொரு மஞ்சள் கம்பு கொண்டுவந்திருந்தார். லீவில் வரும்போதெல்லாம் அதற்கு வார்னிஷ் பூசுவார். அவர் இறந்தபின் சித்தி யாரோடும் பேசவில்லை, வாசலுக்குக்கூட வரவில்லை. குறுவை நட்டு முடிந்த ஒரு காலையில் என்ன தோன்றியதோ, கம்பை எடுத்துக்கொண்டு மதகுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

வயலில் களை பறித்துக்கொண்டிருந்த செல்லம்மா நிமிர்ந்தாள். “ஏம்மா, உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்?”

சித்தி தூண்டிலை மடுவில் வீசினாள். மதகுப் பலகையிடுக்கில் தண்ணீர் பீறிடும் இரைச்சலும், நாற்றின் பச்சை வாசமும், காலடியில் நண்டு வளைகளின் ஈரமுமாக நேரம் போய்க்கொண்டே இருந்தபோது, கம்பு வில்லாக வளைந்தது. சித்தி சேற்றில் வழுக்கி விழுந்தாள். கம்பை மட்டும் விடவில்லை. எழுந்து, முழங்கை நீள விரால் ஒன்றைக் கரையில் இழுத்துப்போட்டாள்.

“செல்லம்மா, குழம்பு வெக்கிறேன். சாயங்காலம் சாப்பிட வாங்க!”

செல்லம்மா வரப்பேறி வந்து, தன் முந்தானையால் சித்தியின் முகத்துச் சேற்றைத் துடைத்துவிட்டாள்.