மணி அடித்தபோது நான் சொன்ன பெயர்

மக்களே,

சர்ச்சில் சாவு மணி அடித்தால் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு நான் பைக்கை எடுப்பது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. "வாட்ஸ்அப்ல பாத்தா யாருன்னு தெரியப்போவுது. அப்பாவுக்கு காமன்சென்ஸே கெடையாது" என்று போன வாரம்கூடச் சொன்னீர்கள். அது என்னிடம் ஒரு காலத்தில் நிறையவே இருந்தது. அதை வைத்து நான் செய்த ஒரு காரியத்தை உங்களிடம் சொன்னதில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான், கோர்வையாக எழுத வராது. நடந்தபடியே எழுதுகிறேன்.

அப்போது நான் கட்சிக்கு பூத் ஏஜெண்ட். தேர்தலுக்கு முன்னால் ஓட்டர் லிஸ்ட் சரிபார்க்க ஒரு டீச்சர் வந்திருந்தார். சர்ச்சுக்கு எதிரே ஸ்கூல் வராந்தாவில் உட்கார்ந்தோம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் எதிர்க்கட்சி ஏஜெண்ட். டீச்சர் பெயரை வாசிப்பார். ஆள் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா, வெளியூர் போய்விட்டாரா என்று நாங்கள் சொல்ல வேண்டும். கண்டக்டர் மாமாவின் பெயரை வாசித்து முடிக்கவும் மணி அடித்தது.

நீங்கள் பாட்டா என்று கூப்பிடுகிற, முற்றத்தில் ரப்பர் ஷீட் காயப்போடுகிற அந்த மாமாதான். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அப்போது இருபது நாளாக ஐசியூவில் கிடந்தார். மாமியும் ஆசுபத்திரியிலேயே இருந்ததால் வீடு பூட்டிக் கிடந்தது.

ஓர் அடி. நீண்ட இடைவெளி. இன்னோர் அடி. டீச்சர் பேனாவை நிறுத்தினார்.

"மாமாதான்" என்றேன்.

"வேற யாரு? மூணு நாளா இழுத்துக்கிட்டுல்லா கெடந்தாவ" என்றான் எதிர்க்கட்சிக்காரன்.

"நிச்சயமா?"

"இதுல என்ன டீச்சர் நிச்சயம்? காமன்சென்ஸ்தான" என்றேன்.

எங்கள் இரண்டு கட்சியும் ஒத்துப்போய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இருவரும் கையெழுத்துப் போட்டோம். என் கையிலிருந்த லிஸ்ட் நகலில் ஸ்கேல் வைத்து, மாமாவின் பெயர் மேல் சிவப்புக் கோடு இழுத்தேன்.

சாயங்காலம் தெரிந்தது, மணி மாமாவுக்கு இல்லை. வெளியூரில் மகள் வீட்டில் இருந்த நம்மூர் வயதான அம்மா ஒருவருக்கு. டீச்சருக்கு அப்போதே போன் போட்டிருக்கலாம். இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடக்கிற ஆளுக்காக இப்போது அடித்து எழுதி, மறுபடியும் அடித்து எழுத வேண்டுமா என்று தோன்றியது. போடவில்லை. பெயரை நீக்கும் முன் அனுப்புகிற விசாரணை நோட்டீஸும் பூட்டிய வீட்டுக்குத்தான் வந்தது.

வாக்குப்பதிவுக்கு நாலு நாள் இருக்கும்போது மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த நாலு நாளும் நான் வேறு ரோடு வழியாகப் போய்வந்தேன்.

தேர்தல் அன்று பூத்துக்குள் உட்கார்ந்திருந்தேன். வாசலில் வெயில் கண்ணைக் கூச வைத்தது. அதற்குள்ளிருந்து ஓர் உருவம் பைய நடந்து வந்தது. சட்டை ஆணியில் தொங்குவது போலத் தொங்கியது. மாமா ஊரில் இருப்பது எனக்குத் தெரியும். ஆனாலும், கோடு போட்ட இடத்திலிருந்து எழுந்து வருகிறார் என்றே உடம்பு நினைத்தது.

அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். "இறந்துட்டதா நீக்கியிருக்கே."

"மாமா, ஒங்களுக்கு டிக்கெட் கிழிச்சுக் குடுத்தாச்சு. பெறவும் எதுக்கு வண்டியில ஏறுதிய?" என்றான் எதிர்க்கட்சிக்காரன். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

"எந்தச் சவம்லே சொன்னது, நான் செத்தேன்னு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் லிஸ்டைப் பார்த்தேன். சிவப்புக் கோட்டின் மேல் என் உள்ளங்கை இருந்தது. மை வைக்க நீட்டிய இடது கை விரலை மாமா கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு மடக்கிக்கொண்டார்.

கொஞ்ச நாள் அது வேடிக்கையாக இருந்தது. பிறகு வேறு மாதிரி ஆனது. டீக்கடையில் ஆள் எண்ணி டீ போட்டால் மாமாவுக்கு மட்டும் டீ வராது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. கல்யாண லெட்டர் அவர் வீட்டைத் தாண்டிப் போனது. விடிந்ததும் கண்ணைத் திறந்து, "நான் இருக்கேனா?" என்று கேட்கிறார் என்று மாமி சொன்னாள். முதலில் கிண்டலாகக் கேட்டாராம், இப்போது பதில் சொல்லும்வரை எழுவதில்லையாம். ஒருநாள் அவர் எனக்கு முன்னால் நடந்து போனார். கால் தரையில் படுகிறதா என்று நான் பார்த்தேன். பார்க்கிறேன் என்பதே பிறகுதான் உறைத்தது.

அப்புறம் ஒரு மத்தியானம் மறுபடி மணி அடித்தது. டீக்கடையில் மூன்று பேர் ஒரே நேரத்தில், "கண்டக்டர்தான்" என்றார்கள். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த அதே குரல். பைக்கை எடுத்தேன்.

வீடு திறந்து கிடந்தது. மாமி இல்லை. மாமா நாற்காலியில் கண்ணை மூடி இருந்தார், கை இரண்டும் மடியில். கூப்பிட்டேன். அசைவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டபோது கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"மணி யாருக்கு மக்கா?"

"தெரியல்ல மாமா. நீங்களான்னு பாக்க வந்தேன்."

"நல்லா பாத்துக்க."

அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "ஒங்க பேர வெட்டச் சொன்னது நான்தான் மாமா. அன்னைக்கும் மணி அடிச்சுது. பெறவு இல்லேன்னு தெரிஞ்சும் சொல்லல்ல."

மாமா கண்ணைத் திறந்தார். "அந்த மணி எனக்கும் கேட்டுது" என்றார். "மூக்குல கொழாயோட கெடக்கேன், நம்ம சர்ச் மணி. எனக்குத்தான்னு நானே நம்பிட்டேன். பெறவு ஒன்ன என்ன சொல்ல?"

அந்த ஆசுபத்திரிக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். நம் மணி அங்கே கேட்காது. இதை எழுதும்போதும் அது கேட்காது என்றுதான் எனக்குத் தெரிகிறது.

"ஆனா பூத்துல நான் கேட்டப்பம் நீ தலைய குனிஞ்ச பாரு" என்றார், "அது வேற. பேரு சேக்க ஒரு ஃபாரம் உண்டும்லா? கொண்டா. நீயே எழுது."

எழுதினேன். மாமா கையெழுத்துப் போட்டார், போட்டோ ஒட்டினோம், மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கடற்கரைக்காரர்கள் இன்னாருக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள், அந்த வீட்டுப் பெண் இப்படித்தான், இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று யாராவது சொன்னால், போய்ப் பார்த்தீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. நீங்களும் கேளுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

ஃபாரத்தைக் கொடுத்துவிட்டு வந்த அன்று வீட்டில் யாரும் இல்லை, நீங்கள் ஸ்கூலில் இருந்தீர்கள். அலமாரியிலிருந்து அந்தப் பழைய லிஸ்டை எடுத்தேன். சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் 'இருக்கிறார்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடிவிட்டு, மணி அடிக்கிறதா என்று சர்ச் பக்கம் கொஞ்ச நேரம் காது கொடுத்தேன்.