பாங்கொக்கிலும் எதிரெதிர் ஷிப்ட்

போன மாதம், பாங்கொக்கில் ஒரு ஹோட்டல் அறையில் கண் விழித்தேன். திரைச்சீலைக்கு வெளியே மஞ்சள் வெயில். காலையா, மாலையா? தெரியவில்லை. பக்கத்தில் கணவரைக் காணவில்லை. மூலையில் இருந்த மினி பிரிட்ஜின் கதவில் மட்டும் ஒரு துண்டுக் காகிதம். காயத்துக்குப் போடும் பிளாஸ்டரால் ஒட்டியிருந்தது.

'நீ நல்ல நித்திரை. எழுப்பேல்லை. உள்ளுக்கை வெட்டின மாம்பழம் இருக்கு. சாப்பிடு.'

சிரிப்பதா, அழுவதா?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு எங்கள் வீட்டு பிரிட்ஜைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒருமுறை... நாங்கள் இருப்பது மொன்றியலில், பியர்பொன்ட்ஸ் பக்கம். நான் டவுன்டவுனில் ஒரு கார்டெரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுப் போனால் மாலை ஆறுக்குத்தான் திரும்புவேன். அவருக்குத் துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் இரவு வேலை. மாலை ஐந்தரைக்குப் போனால் காலை ஆறரைக்கு வருவார். இரண்டு பக்கமும் அரை மணி நேரத்தில் ஒருவரை ஒருவர் தவறவிடுவோம். லீவும் அப்படித்தான். எனக்குச் சனி, ஞாயிறு. அவருக்குச் செவ்வாய், புதன். ஒருவர் கொட்டாவி விடும்போது மற்றவர் சப்பாத்து மாட்டிக்கொண்டிருப்பார். மகளை மாறி மாறிப் பார்ப்பதற்காகத் தொடங்கிய ஏற்பாடு இது. மகள் வளர்ந்து ரொறன்ரோவுக்குப் போய்விட்டாள். ஏற்பாடு மட்டும் போகவில்லை. எங்கள் குடும்பம் நடப்பது பிரிட்ஜ் கதவில்தான்.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு அந்தக் கதவில் ஒரு குறிப்பு. 'பகல் வேலைக்கு மாறுறியோ எண்டு கிடங்கிலை என்னட்டைக் கேக்கினம். நீ என்ன சொல்லுறாய்?'

நான் பதில் எழுதவில்லை. உண்மையைச் சொல்கிறேனே — பயம். இருபது வருடமாக நாங்கள் சண்டை பிடித்ததே இல்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். சண்டை பிடிக்க இரண்டு பேரும் விழித்திருக்க வேண்டாமா? தினமும் முகம் பார்த்தால் என்ன கதைப்போம்? ஒருவரை ஒருவர் பிடிக்காமல் போய்விட்டால்?

மகள் எடுத்துத் தந்த டிக்கெட்டை ஒரு பரீட்சையாகவே நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். தாய்லாந்தில் பத்து நாள். ஷிப்ட் இல்லை, ரயில் இல்லை, பனி வழிக்கிற வேலை இல்லை.

ஆனால் நேரம் என்று ஒன்று இருக்கிறதே! குளிர்காலத்தில் மொன்றியலுக்கும் பாங்கொக்குக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் வித்தியாசம். கைக்கடிகாரத்தின் முள்ளைத் தொடவே தேவையில்லை. எங்கள் இரவு, அவர்களுடைய பகல். இரவு வேலைக்காரரான என் கணவர் இறங்கிய முதல் நாளே அந்த ஊரில் பிறந்தவரைப் போலப் பளிச்சென்று நடந்தார். நானோ காலைச் சாப்பாட்டு மேசையிலேயே சாய்ந்தேன். அரை உலகம் பறந்து வந்தும் ஷிப்ட் எங்களை விடவில்லை.

முதல் இரண்டு நாளும் எனக்கு ஒரே மயக்கம். கண்ணைத் திறந்தால் ஜன்னலில் ஆறு. மூடினால் கனவிலும் அதே ஆறு. காவி உடுத்த பிக்குகள் வரிசையாகப் போனார்கள் — பார்த்தேனா, கனவு கண்டேனா? எங்கோ ஒரு மணி அடித்தது. கட்டில் படகு மாதிரி மெல்ல ஆடியது. சுகமாகத்தான் இருந்தது. இடையில் எழும்பினால் பிரிட்ஜில் இன்னொரு குறிப்பு. 'வெளியாலை நல்ல வெயில். ஆத்திலை பெரிய படகுகள் போகுது.'

இரண்டாம் நாள் எனக்குக் கோபம் வந்தது. மனுஷன் கோயில், சந்தை என்று தனியே சுற்றி அனுபவிக்கிறார். நான் மட்டும் இங்கே கும்பகர்ணனுக்குத் தங்கச்சி! முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கினேன்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் சிரித்தபடி ஒரு நாற்காலியைக் காட்டினாள். அதில் என் கணவர். இரண்டு நாளாக அங்கேதான் இருக்கிறாராம். அறையில் விளக்கைப் போட்டால் மனைவி எழும்பிவிடுவாள் என்றாராம். மூலைக் கடைக்குப் போய்ச் சாப்பாடு வாங்கி வந்ததோடு சரி.

"ஏன் ஒண்டையும் போய்ப் பாக்கேல்லை?" என்று கேட்டேன்.

"நீ இல்லாமல் என்னத்தைப் பாக்கிறது?" என்றார்.

வந்த கோபம் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை.

அன்று மாலை ஆற்றைக் கடக்கும் படகில் ஏறினோம். தண்ணீரெல்லாம் பொன்னாக இருந்தது. அக்கரையில் ஒரு கோபுரம் மெல்ல மெல்ல நிறம் மாறியது. அவருடைய பகல் முடிகிறது, என் பகல் தொடங்குகிறது. நடுவில் ஒரு இரண்டு மணி நேரம் இரண்டு பேரும் விழித்திருந்தோம். என்ன கதைப்போம் என்று பயந்தேனே? ஒன்றும் கதைக்கவில்லை. தோளோடு தோள் முட்டிக்கொண்டு நின்றோம். படகு கரைக்குப் போகாமல் இப்படியே மிதந்தால் என்ன என்று இருந்தது. எதிரெதிரே ஓடுகிற தம்பதிகளுக்குப் பேச்சல்ல, பக்கத்தில் நிற்கிற நேரம்தான் பற்றாக்குறை போலிருக்கிறது.

அக்கரைச் சந்தையில் அவர் ஒரு கடை முன்னால் நின்றார். பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தங்கள். தும்பிக்கை தூக்கிய யானை ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல பலமான காந்தமாம், இரண்டு மூன்று காகிதம் தாங்குமாம்.

"வையுங்கோ," என்றேன். "இனி உது எங்களுக்கு என்னத்துக்கு? பகல் வேலைக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ."

என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியதா, மாலை வெளிச்சமா? யானையை மட்டும் கீழே வைக்கவில்லை. கடைக்காரியிடம் நீட்டினார்.

"இருக்கட்டும். நீ இப்பிடிக் குறட்டை விடுவாய் எண்டு எனக்கு இப்பதான் தெரியும். எழுதி ஒட்டவேணும்."

அவர் பகல் வேலைக்கு மாறி இரண்டு வாரம். இதுவரை நாலு சண்டை, எல்லாம் நேருக்கு நேர்... யானைக்குத்தான் வேலை இல்லை!